கொரியர்களுடன் மீட்டிங்: எந்த இன்டர்பிரட்டரை வைத்துக்கொள்வது?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்குக் கொரியர்கள் பழகிய முகங்கள்தான். ஆனாலும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்போ மோல்டிங் யூனிட்டோ கொரியக் கம்பெனியோடு நேருக்கு நேர் உட்கார்ந்து விலை பேசப் போகும்போது, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் ஆளை ஏற்பாடு செய்வதை மட்டும் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடுவதைப் பார்க்கிறேன். டிக்கெட் போட்டாச்சு, சாம்பிள் பேக் பண்ணியாச்சு, அப்புறம்தான் "இன்டர்பிரட்டருக்கு என்ன சார் பண்றது?" என்று போன் வரும்.

வெண்டர் டெவலப்மென்ட், அதாவது சப்ளையர்களைத் தேடி வளர்க்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும். நான் திருப்பிக் கேட்பது, அது என்ன மீட்டிங் என்று. ஆளைத் தேடுவதற்கு முன்னால் மீட்டிங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லைனில் நின்று பார்ட் பார்க்கப் போகிறார்களா, விலை பேசப் போகிறார்களா, ஒப்பந்தத்தில் கையெழுத்தா, இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் கருத்தரங்கா? நாலுக்கும் நாலு விதமான ஆள் வேண்டும். ஒன்றுக்கு அருமையாக இருப்பவர் இன்னொன்றில் சொதப்புவார். அதிகப் பணம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பதும் இல்லை.

முதலில், காசு செலவில்லாத வழி. கொரியக் கம்பெனியே தன் ஆளை வைத்துக்கொள்வது. இந்த வட்டாரத்துக் கொரிய ஆலைகள் பலவற்றில் கொரிய மொழி தெரிந்த இந்தியப் பிள்ளைகள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். சோல் தலைமை அலுவலகத்திலும் வெளிநாட்டு விற்பனைப் பிரிவில் நன்றாக ஆங்கிலம் பேசும் ஒருவர் இருப்பார். "அவங்களே ஏற்பாடு பண்ணிட்டாங்க" என்று நம்மவர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

விலைப் பேச்சில் அந்த நிம்மதி எவ்வளவு நேரம் நிற்கும் என்று பாருங்கள். நீங்கள் கிலோவுக்கு ஒரு கன்வர்ஷன் காஸ்ட் (மெட்டீரியலைப் பார்ட்டாக மாற்றும் செலவு) சொல்கிறீர்கள். எதிரே டீம் லீடர் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி இரண்டு நிமிடம் பேசுகிறார். அவர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுகிறார். இன்னொருவர் உங்கள் கொட்டேஷனில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டித் தலையாட்டுகிறார். இதற்குள் இன்டர்பிரட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். கடைசியில் உங்களுக்கு வந்து சேர்வது ஒரே வாக்கியம்: "விலை கொஞ்சம் அதிகம் என்கிறார்கள்." அந்த இரண்டு நிமிடத்தில் எந்த வரி உறுத்தியது, மெட்டீரியல் விலையா, ரிஜெக்‌ஷன் சதவீதமா என்று தெரிந்திருந்தால் உங்கள் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். அவர் ஏமாற்றவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்களின் உள்பேச்சை உங்களிடம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அவ்வளவுதான்.

பெரிய இடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பது எல்லோரும் டிவியில் பார்த்ததுதான். 2018 ஜூன் 12 அன்று சிங்கப்பூரில் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சந்தித்தபோது இரண்டு பேரும் தங்கள் தங்கள் ஆளைக் கூட்டி வந்தார்கள். டிரம்ப் பக்கம் இருந்த லீ யுன்-ஹியாங் அமெரிக்க வெளியுறவுத் துறையைச் சேர்ந்தவர். சோலில் இதற்கென்றே இருக்கும் பட்ட மேற்படிப்புப் பள்ளியில் படித்து, கலிபோர்னியாவின் மான்டெரேயில் பாடமும் நடத்தியவர். இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்துவிடுவார். நமக்கு அணு ஆயுதப் பேச்சுவார்த்தை இல்லைதான். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு பார்ட்டின் விலையை முடிவு செய்கிற நாளில், ஒரு நாள் கூலிக்கு யோசிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அதற்காக எதிர்த்தரப்பு ஆள் எப்போதும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆலை ஆடிட், சாம்பிள் டிரையல், மெஷின் இன்ஸ்டலேஷன் போன்றவற்றில் அவர்களுடைய உள்ளூர் இன்டர்பிரட்டரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கஷ்டம். கொரியத் தொழிற்சாலைத் தரையில் புழங்குகிற பேச்சு பாடப்புத்தகத்தில் இருப்பது இல்லை. பர் (துருத்தி நிற்கும் பிசிறு) இருக்கும் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு "பாரி" என்பார் கொரிய இன்ஜினியர். கீறல் விழுந்தால் "கீசு". இரண்டும் ஜப்பானிய மொழியிலிருந்து வந்து பட்டறையில் ஒட்டிக்கொண்ட சொற்கள். சோலில் மாநாடுகளில் பேசிப் பழகிய இன்டர்பிரட்டருக்கு இவை சட்டென்று பிடிபட வேண்டும் என்பதில்லை. பிரஸ் லைனில் மூன்று வருடம் நின்ற உள்ளூர்ப் பையனுக்குப் பிடிபடும். அவர் ஸ்பிரிங்-பேக் (வளைத்த தகடு கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்புவது) என்றால் என்ன என்று கேட்க மாட்டார். டையை எந்த நேரத்தில் கழற்றினார்கள் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. அவரிடம் தமிழிலேயே பேசலாம். முதலாளிக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால் இது சின்ன விஷயம் இல்லை. சோலிலிருந்து எடுக்கிற தொழில்முறை ஆள் ஆங்கிலம்-கொரியம் மட்டும்தான் செய்வார். நீங்கள் தமிழில் யோசித்துத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னால், அவர் உங்கள் தடுமாற்றத்தைத்தான் கொரியத்தில் சொல்ல முடியும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உள்ளே போகாதது வெளியே வராது. அதனால் சோல் ஆளை எடுப்பதாக இருந்தால், நம் பக்கத்தில் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற ஒருவரைப் பேச விடுங்கள். முதலாளி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் அவருக்குச் சொல்லட்டும். மூக்கைச் சுற்றித் தொடுகிற மாதிரித் தெரிந்தாலும் பேச்சு தெளிவாகப் போகும்.

அடுத்தது, கொரியம் படித்த மாணவர்கள். சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ சென்டர் போன்ற இடங்களில் மொழி படித்தவர்கள் இருக்கிறார்கள். கொரிய சீரியல் பார்த்து ஆர்வத்தில் தொடங்கி உண்மையிலேயே நன்றாகப் பேசுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். டோபிக் ஆறாம் நிலை சான்றிதழைக் காட்டுவார்கள். அது கொரிய மொழித் தேர்வின் உச்ச நிலை, லேசுப்பட்டதும் இல்லை. ஆனால் அந்தத் தேர்வில் இருப்பது கேட்டல், படித்தல், எழுதுதல் மட்டுமே. பேச்சுத் தேர்வு தனி, அதுவும் 2022இல்தான் வந்தது. ஆக, ஆறாம் நிலை சான்றிதழ் இருந்தாலும் ஒருவர் கொரியத்தில் வாய் திறந்து பேசுவாரா என்பதற்கே அது அத்தாட்சி இல்லை. மூன்று நிமிடப் பேச்சை மனசில் வாங்கி மறு மொழியில் சொல்வாரா என்பது அதற்கும் அப்பால். சான்றிதழுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இவர்களை எதற்கு எடுப்பேன்? விமான நிலையத்தில் வரவேற்க, ஓட்டலில் சேர்க்க, கண்காட்சி ஸ்டாலில் நின்று விசிட்டிங் கார்டு வாங்க, சென்னையில் இரண்டு நாள் விருந்தினரைச் சுற்றிக் காட்ட. நல்ல சம்பளம் கொடுத்து எடுப்பேன். ஒப்பந்தக் கூட்டத்துக்கு எடுக்க மாட்டேன். அவர்களுக்கே அது நியாயம் இல்லை. ஒரு பெனால்ட்டி ஷரத்து மாறிப்போனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் பழி விழும்.

கொரியாவுக்குள்ளேயே இதே குழப்பத்துக்கு இன்னொரு வடிவம் உண்டு. அங்கே சுற்றுலா வழிகாட்டி-இன்டர்பிரட்டர் என்று அரசு கொடுக்கிற உரிமம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துப் போக அது தேவை. "அரசு உரிமம் பெற்றவர்" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வணிகப் பேச்சுக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துவிடுகிறார்கள். அரண்மனை வரலாற்றை அழகாகச் சொல்பவருக்கு வாரண்டி கிளெய்ம் எப்படித் தெரியும்?

இப்போது தொழில்முறை ஆட்கள். கொரியாவில் இந்த வேலைக்கு இரண்டு பெயர்கள் முதலில் வரும். ஹன்குக் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகத்தில் 1979இல் தொடங்கிய மேற்படிப்புப் பள்ளி, இஹ்வா பெண்கள் பல்கலைக்கழகத்தில் 1997இல் தொடங்கியது. இங்கே படிப்பு மொழி கற்றுக்கொடுப்பது இல்லை. இரண்டு மொழியும் ஏற்கெனவே கைவந்தவர்களைச் சேர்த்து, நினைவில் வாங்குவது, குறிப்பு எடுப்பது, கேட்டுக்கொண்டே பேசுவது என்று பழக்குகிறார்கள். இந்தப் பள்ளிகளில் தேர்ந்தவர் என்றால் மொழிப் பரிசோதனையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. துறை அறிவை மட்டும் பார்த்தால் போதும்.

விதிவிலக்கும் உண்டு. 2020இல் ஆஸ்கர் மேடையில் இயக்குநர் போங் ஜூன்-ஹோவுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்து உலகத்தையே கவனிக்க வைத்த ஷாரன் சோய் தொழில்முறை இன்டர்பிரட்டர் இல்லை. சினிமா படித்தவர். இயக்குநர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று உள்ளுக்குள் தெரிந்தவர். இதைச் சொல்லி "பட்டம் எதுக்கு?" என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் படுவது, துறை அறிவும் இரண்டு மொழியும் ஒரே ஆளிடம் அந்த அளவுக்குச் சேர்வது அபூர்வம் என்பதுதான். உங்கள் துறையில் அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். கிடைப்பார் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

தொழில்முறை ஆளை எடுக்கும்போது கான்செக்யூட்டிவா சைமல்டேனியஸா என்று கேட்பார்கள். முதலாவதில் நீங்கள் ஒன்றிரண்டு நிமிடம் பேசி நிறுத்துவீர்கள், அவர் குறிப்பைப் பார்த்துச் சொல்வார். இரண்டாவதில் நீங்கள் பேசப் பேச, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஹெட்செட் வழியாகச் சொல்லிக்கொண்டே வருவார். பார்க்க இரண்டாவது பிரமாதமாக இருக்கும். சின்ன மீட்டிங்குக்கு அது வேண்டாம்.

காரணம், ஆங்கிலத்துக்கும் கொரியத்துக்கும் நடுவில் இது மிகவும் கஷ்டமான வேலை. கொரியத்தில் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வரும். "இந்தக் கட்டணத்தை அடுத்த காலாண்டிலிருந்து உங்கள் கம்பெனிக்கு..." வரைக்கும் சொல்லிவிட்டு, கடைசியில் "தருவோம்" என்றும் முடிக்கலாம், "தர முடியாது" என்றும் முடிக்கலாம். ஆங்கிலத்தில் சொல்கிறவர் அதுவரை காத்திருக்கவும் முடியாது, காத்திருக்காமலும் முடியாது. இந்த அழுத்தம் மூளையைச் சீக்கிரம் களைப்பாக்கிவிடும். அதனால்தான் சைமல்டேனியஸுக்கு இரண்டு பேர் வருவார்கள், 20-30 நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வார்கள். ஒருவரே நாள் முழுக்கச் செய்கிறேன் என்றால் அவரைச் சந்தேகப்படுங்கள். இரண்டு பேர் கூலி, கூண்டு, ஹெட்செட், டெக்னீஷியன் எல்லாம் சேர்ந்தால் சின்ன யூனிட்டின் பயணச் செலவையே தாண்டிவிடும்.

விலைப் பேச்சுக்கு கான்செக்யூட்டிவ்தான் என் தேர்வு. மலிவு என்பதால் மட்டும் இல்லை. அவர் எதிர்த்தரப்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் யோசிக்கலாம், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் ஒரு வார்த்தை கலந்துகொள்ளலாம். மீட்டிங் இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆகட்டும்.

ஆள் எங்கே கிடைப்பார்? ஏஜென்சி வழியாக ஒன்று, நேரடியாக ஒன்று. ஏஜென்சியில் வசதி என்னவென்றால், ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் அனுப்புவார்கள், ஜிஎஸ்டி பில் கிடைக்கும், கருவி வாடகையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தொல்லையும் அந்த மாற்று ஆள்தான். ஒரு ஏஜென்சி எங்களுக்கு அனுப்பிய பயோடேட்டாவில் பன்னிரண்டு வருட ஆட்டோமொபைல் அனுபவம் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றவர் வேறு ஒருவர். காஸ்மெட்டிக்ஸ் கண்காட்சிகளில் வேலை செய்தவர். "இவரும் நல்லா பண்ணுவார் சார்" என்றார்கள். நல்லவர்தான், ஆனால் டென்சைல் ஸ்ட்ரெங்த் (இழுவிசையைத் தாங்கும் வலிமை) என்ற இடத்தில் மீட்டிங் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒப்பந்தக் கடிதத்தில் ஆளின் பெயரை எழுதி வாங்குகிறோம். பெயர் மாறினால் 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு. நல்ல ஏஜென்சி இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. இழுத்தால் அதிலேயே பதில் இருக்கிறது.

நேரடியாகத் தேடுகிறவர்களுக்கு, 1953இல் தொடங்கிய உலகளாவிய கான்ஃபரன்ஸ் இன்டர்பிரட்டர் சங்கமான ஏஐஐசியின் உறுப்பினர் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதில் மொழிக்கு நேரே ஏ, பி, சி என்று போட்டிருக்கும். ஏ தாய்மொழி, பி அதற்குள் மொழிபெயர்த்துப் பேசக்கூடிய மொழி, சி கேட்டுப் புரிந்துகொள்வார், அந்த மொழிக்குள் பேச மாட்டார். கொரியம் ஏ, ஆங்கிலம் சி என்றிருந்தால் அவர் உங்கள் பேச்சைக் கொரியர்களுக்குச் சொல்வார், அவர்கள் பேச்சை உங்களுக்குச் சொல்ல மாட்டார். சங்கத்தில் இல்லாதவரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்: இரண்டு பக்கமும் செய்வீர்களா? அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கமான ஏடிஏவின் பட்டியலும் உதவும். அவர்கள் கொடுக்கும் சான்றிதழ் எழுத்து மொழிபெயர்ப்புக்கானது, பேச்சுக்கு இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் தளமான புரோஸ், லிங்க்ட்இன் இரண்டிலும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சலித்து எடுக்கும் வேலை உங்களுடையது. கொரிய அரசின் வணிக மேம்பாட்டு அமைப்பான கோட்ராவுக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. அவர்கள் நடத்தும் வாங்குவோர்-விற்போர் சந்திப்புகளில் மேசைக்கு ஒரு இன்டர்பிரட்டர் போடுவது வழக்கம். முதல் அறிமுகத்துக்கு அதுவே தாராளம்.

கூலி விஷயம். கொரியாவில் நல்ல ஆளுக்கு ஒரு நாளைக்குப் பல லட்சம் வொன் ஆகும். அதைவிட முக்கியம், நாள் என்றால் எத்தனை மணி நேரம் என்பது. 6 மணி நேரத்தை ஒரு நாள் என்று கணக்குப் போடுவது அங்கே பரவலாக உண்டு. நம்மூர் வழக்கப்படி காலை ஒன்பதிலிருந்து இரவு விருந்து வரை என்று நினைத்துப் போனால் ஓவர்டைம் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். ரத்துக் கட்டணம், வெளியூர்ப் பயண நேரம் (சோலிலிருந்து உல்சான் போவதே அரை நாள் கதை), பேச்சை ரெக்கார்டு செய்ய அனுமதி, இந்த மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பேரம் பேச வேண்டும் என்று கை அரித்தால் நேரத்தில் பேசுங்கள், மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை போதும் என்று. ரேட்டில் அடித்துப் பேசினால் அடுத்த நிலை ஆள்தான் வருவார்.

வீடியோ வழியாக எடுக்கலாமா? ஜூமில் மொழிச் சேனல் வசதி இருக்கிறது, கொரியமும் அதில் உண்டு. வாராந்தர ரிவ்யூ, டிராயிங் விளக்கம், புகார் விவாதம் போன்றவற்றுக்கு ஆளைப் பயணம் செய்ய வைப்பது வீண். அங்கே நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது என்பதால் அவர்களுடைய காலை ஒன்பது மணி மீட்டிங் நமக்கு அதிகாலை ஐந்தரை. அவர்களுடைய மதியத்துக்குப் பிறகு கேளுங்கள். வீடியோவில் குலைவது ஒன்றுதான்: எதிர்ப்பக்கம் ஒரு பெரிய மேசையில் எட்டுப் பேர், நடுவில் ஒரே மைக். மூலையில் இருக்கும் குவாலிட்டி மேனேஜர் முணுமுணுப்பது இன்டர்பிரட்டர் காதுக்கு எட்டாது. கேட்காததை யாராலும் சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு ஹெட்செட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அன்றைக்கு விலை பேசாதீர்கள்.

மொழிபெயர்ப்பு ஆப்களைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நேவர் கம்பெனியின் பாபகோ கொரியத்துக்கு நன்றாக இருக்கிறது, மரியாதை வடிவத்தில் எழுத ஒரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 போனிலிருந்து அழைப்பின் நடுவிலேயே மொழிபெயர்க்கும் வசதியும் வந்துவிட்டது. டாக்ஸி, ஓட்டல், காகாவ்டாக் மெசேஜ், மெனு கார்டு, தேதி உறுதி செய்வது, எல்லாவற்றுக்கும் நானும் ஆப்தான். மீட்டிங் மேசையில் வைக்க மாட்டேன். மனிதர் சந்தேகம் வந்தால் "மன்னிக்கவும், 15 என்றாரா 50 என்றாரா?" என்று திரும்பக் கேட்பார். ஆப் கேட்காது, ஏதோ ஒன்றைத் தைரியமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். கம்பெனி ரகசியம் எந்த சர்வருக்குப் போகிறது என்ற கேள்வி தனி. எதிர்த்தரப்புடன் என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) போட்டிருந்தால் அதைப் படித்துவிட்டு ஆப்பைத் திறங்கள்.

வியாபாரம் இல்லாத வேலைகளுக்குப் பணமே தேவையில்லை. கொரியாவுக்குள் இருக்கும்போது 1330 என்ற சுற்றுலா உதவி எண் நாள் முழுக்க ஆங்கிலத்தில் பதில் சொல்லும், போனிலேயே இடையில் நின்று பேசிக் கொடுக்கும். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது தொடங்கிய பிபிபி கொரியாவில் (1588-5644) தன்னார்வலர்கள் இதே வேலையை இலவசமாகச் செய்கிறார்கள். மருத்துவமனை என்றால் சோலின் பெரிய ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டவர் பிரிவு இருக்கிறது, அங்கே நேராகப் போங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வழி இன்னும் தெளிவு: கலிபோர்னியா நீதிமன்றங்கள் கொரியத்துக்குச் சான்றளிக்கப்பட்ட இன்டர்பிரட்டர் பட்டியல் வைத்திருக்கின்றன, மருத்துவ இன்டர்பிரட்டர்களுக்கான தேசிய வாரியத்தின் தேர்விலும் கொரியம் இருக்கிறது. நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் சொந்தக்காரப் பிள்ளையை வைத்து ஓட்டாதீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்க நான் செய்யும் சோதனை பத்து நிமிட வீடியோ கால். மீட்டிங்கில் உண்மையிலேயே பேசப்போகும் நம்மவரையே பேச வைப்பேன். அமெரிக்க ஆங்கிலத்தில் பழகிய காதுக்கு நம் வேகமும் உச்சரிப்பும் முதல் ஐந்து நிமிடம் திணறலாக இருக்கும், அது இந்தக் காலிலேயே தீர்ந்துவிடட்டும். ஒரு பத்தி தயாராக வைத்துக்கொள்வோம். அதில் நாலைந்து எண்கள், ஒரு நிபந்தனை, ஒரு மறுப்பு. கொரியம் தெரிந்த ஒருவரை மறுமுனையில் உட்கார வைத்து, வந்து சேர்ந்ததைத் திருப்பி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் போதும்.

எண்கள்தான் அதிகம் உதைக்கும். கொரியர்கள் பத்தாயிரத்தை ஒரு அலகாக எண்ணுகிறார்கள், அதற்கு மேல் பத்துக் கோடி அடுத்த அலகு. ஆங்கிலம் மில்லியன், பில்லியன். நாம் லட்சம், கோடி. 25 கோடி வொன் என்பது ஆங்கிலத்தில் 250 மில்லியன், கொரியத்தில் இரண்டரை "ஒக்". மூன்று பேர் மூன்று கணக்கில் யோசிக்கும் அறையில் ஒரு பூஜ்யம் தொலைவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆகவே மீட்டிங்கில் லட்சம், கோடி என்ற வார்த்தையே வரக்கூடாது என்று நம்மவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். முக்கியமான தொகை எல்லாவற்றையும் பூஜ்யத்தோடு எழுதி மேசை நடுவில் வையுங்கள். அனுபவமுள்ள இன்டர்பிரட்டர் தானே பலகையில் எழுதிவிட்டுத்தான் பேசுவார். இதைச் செய்கிறவரை அடுத்த தடவையும் கூப்பிடுங்கள்.

ஒரு வாரம் முன்னால் டிராயிங், பார்ட் லிஸ்ட், போன மீட்டிங்கின் மினிட்ஸ், எதிரே உட்காரப்போகிறவர்களின் பெயரும் பதவியும் அனுப்பிவிட வேண்டும். கொரியர்களிடம் பதவி சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், டைரக்டரை மேனேஜர் ஆக்கினால் அறை சில்லென்று ஆகிவிடும். "ரகசியம், அனுப்ப முடியாது" என்று நம்மவர்கள் முறுக்கிக்கொள்வது உண்டு. என்டிஏவில் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்புங்கள். காகிதம் பார்க்காமல் வருகிற சோல் பட்டதாரியைவிட, காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு வருகிற சுமாரான ஆள் எனக்கு மேல்.

சரி, கையில் அளவான காசுதான் இருக்கிறது என்றால் எப்படிப் பிரிப்பது? கொரியப் பயணம் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆலை சுற்றிப் பார்க்கும் நாளில் அவர்களுடைய ஆளே போதும். விலையும் ஒப்பந்தமும் பேசும் ஒரு நாளுக்கு மட்டும் நம் காசில் ஒரு நல்ல கான்செக்யூட்டிவ் ஆள். மற்றதெல்லாம் ஆப், 1330. ஊரில் நடக்கும் டிரையலுக்கு ஒரகடத்து உள்ளூர்ப் பையன், தேவைப்பட்டால் மாதச் சம்பளத்துக்கே. மேடை, பார்வையாளர்கள் என்று வந்தால் மட்டும் கூண்டும் இரண்டு பேரும்.

இரவு விருந்துக்கு அந்த நல்ல ஆளையும் கூட்டிப் போகலாமா என்று கேட்பார்கள். கூட்டிப் போங்கள், பாதிப் பேச்சு அங்கேதான் நடக்கும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தையும் கூலியில் சேர்த்துப் பேசிவிடுங்கள். எல்லோருக்கும் அவர் வாயாக இருந்தால் அவர் சாப்பிட முடியாது. விருந்துக்கு அரை மணி நேரம் முன்னால் அவரை விட்டுவிட்டால் எங்காவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவார்.